இறங்காத கை

பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் வில்லரேப் பகுதித் தமிழர் பொதுவாழ்வுக் கழகத்தில் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வாக்களிக்கத் தூக்கிய கைகள் கீழே இறங்கவில்லை. அன்று விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் உறைமழை பெய்தது. கழகத்துக்குக் கீழேயுள்ள டெப்பனர் என்ற மூலைக்கடையில் பால் வழக்கமான விலைக்கே விற்றது. பின்னேரம் மின்சாரம் ஒரு தடவை போய் வந்தது. மற்றவர்களுடைய கைகள் ஒரு கிழமைக்குள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. நீக்கிலாப்பிள்ளையின் வலது கை மட்டும் இன்று வரை மேலேதான் நிற்கிறது.

கழகம் டெப்பனருக்கு மேல்மாடியில், வீதியிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டின் முடிவில் இருந்தது. உறுப்பினர்களில் பாதிப்பேர் மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கர், மற்றப் பாதி மட்டக்களப்பார். எந்தக் கட்சிக்காரரைக் கூப்பிட்டு மாலை போடுவது, எவருக்கு எதிராக அறிக்கை விடுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும், எப்போதும் ஏகமனதாகவே முடிவாகும். ஒருவருடைய முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. வந்த காரியம் பிடிக்காதவர்கள் வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பி, படியிறங்கிப் போய், டெப்பனர் வாசலில் நின்று கோப்பி குடிப்பார்கள். மேலே மிச்சம் இருப்பவர்கள் கை தூக்குவார்கள். கீழே நிற்பவர்களின் கூட்டம் பெரிதென்றால் தலைவர் அருமைராசா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் பேந்து பாப்பம்" என்று ஒத்திவைப்பார். இப்படி ஒருவருடைய மானமும் கெடாமல் கழகம் வருடக்கணக்காக நடந்தது. நீக்கிலாப்பிள்ளை மட்டும் ஒரு நாளும் அந்தப் படியிறங்கிப் போனதில்லை. அவருடைய தகப்பன் மன்னாரில் கோவில் மூப்பராக இருந்தவர். கடை வாசலில் கடதாசிக் கோப்பையோடு ஒதுங்கி நிற்பது அந்தக் குடும்பத்துக்கு அடுக்காது என்பது அவருடைய எண்ணம். பிடிக்காத காரியம் நடக்கப்போகிறதென்றால் அவர் கூட்டத்துக்கே வரமாட்டார்.

அன்றைக்கு இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று நீதிபதி நியமனம். இந்த நாட்டில் நீதிபதிக்குத் தேர்தல் கிடையாது. விண்ணப்பித்த சட்டத்தரணிகளை ஒரு குழு ஆராயும், பிறகு மேலே உள்ளவர்கள் நியமிப்பார்கள். ஆனாலும் தங்கள் ஆதரவுக் கடிதம் போகாமல் எந்தத் தமிழரும் அந்தக் கதிரையில் இருக்க முடியாது என்று கழகம் உறுதியாக நம்பியது. இரண்டு பெயர்கள் அடிபட்டன. வாடகைக்கு இருப்பவர்களுக்காக வழக்குப் பேசும் மட்டக்களப்புப் பெண் சுதாஜினி ஒருவர். நீக்கிலாப்பிள்ளையின் தம்பியுடைய மகன் டனிஸ்ரன் மற்றவர். இரண்டாவது காரியம், புவாண்ட்-கிளேர்ப் பக்கம் ஒட்டோரூட் என்ற நெடுஞ்சாலையை அகலமாக்கும் திட்டம். அதற்காக வீதியோரத்து வீடுகள் சிலவற்றை இடிக்க வேண்டியிருந்தது. அதைக் கழகம் ஆதரிப்பதா என்று கேட்டிருந்தார்கள். அருமைராசா இரண்டையும் ஒரே தீர்மானமாக முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். டனிஸ்ரனை ஆதரிப்போம், அவன் ஆதரிக்கும் ரோட்டையும் ஆதரிப்போம். டனிஸ்ரன் கழக உறுப்பினன் அல்ல. ஆனால் இரண்டு பெட்டி பொரித்த பற்றிசோடு வந்து முன்வரிசையில் இருந்தான். அருமைராசா ஒரு பற்றிசைக் கடித்துக்கொண்டே பேசினார். விரல் எண்ணெயை நிகழ்ச்சி நிரலில் துடைத்தார். நீக்கிலாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு அருவருப்பு முந்தின ஞாயிறே தொடங்கியிருந்தது. பூசை முடிந்து இறங்கும்போது அக்னெஸ் கோவில் வாசலில் அவரை மறித்தாள். புருசன் செத்த பிறகு புவாண்ட்-கிளேரில் தனியே இருந்த பெண். "அண்ணை, உங்கட பெறாமகன்தான் வந்து அத்திவாரம் வெடிச்சுப்போச்சு, இனி ஒருத்தரும் இந்த வீட்டை வாங்காங்கள் எண்டவர். அவரே ஒரு கொம்பனியைக் கூட்டிக்கொண்டு வந்து குறைஞ்ச விலைக்கு வீட்டை எழுதுவிச்சவர். நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் பனி கொட்ட முதலே ரோட்டு வருதெண்டு அறிவிச்சுப்போட்டாங்கள். ஒட்டோரூட்டின்ர சட்ட வேலையள் எல்லாம் அவற்ற கந்தோர்தானாம் பாக்கிறது. அவருக்கு முதலே தெரியும் அண்ணை" என்றாள். நீக்கிலாப்பிள்ளை முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எங்கட குடும்பத்திலை அப்பிடி ஒருத்தனும் இல்லை, பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டார். தம்பி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் அவர் கூட்டத்துக்கு வந்தார். மூப்பர் வீட்டிலிருந்து ஒரு நீதிபதி என்ற சொல் அவருடைய நெஞ்சுக்குள் ஒரு வருடமாக இனித்துக்கொண்டிருந்தது.

வாக்கெடுப்புக்கு முன்னர் வழக்கப்படி பல தொண்டைகள் செருமின. கனகசிங்கம் என்ற மட்டக்களப்பார் முதலில் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். படிக்கட்டு முழுக்கக் கண்ணாடி வார்த்ததுபோல் பனிக்கட்டி. கைபிடியில்கூடப் பிடிக்க இடமில்லை. "என்ன மனே இது, இறங்கினா நேரே ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். எதிர்ப்பதற்கு வேறு வழி அவர்களுக்குப் பழக்கமில்லை. எல்லோரும் திரும்பி வந்து இருந்தார்கள். பையன் முன்னாலேயே இருக்கிறான், பெரிய தகப்பனும் இருக்கிறார், கையில் அவனுடைய பற்றிஸ் வேறு. அருமைராசா கேட்டதும் எல்லாக் கைகளும் மேலே போயின, நீக்கிலாப்பிள்ளையுடையது எல்லாவற்றிலும் நேராக. செயலாளர் நிரோஜா வலது கையால் எழுதிக்கொண்டிருந்ததால் இடது கையைத் தூக்கினாள். "ஏகமனது" என்றார் அருமைராசா. டனிஸ்ரன் எழும்பிக் கைதட்டினான். அந்த அறையில் தட்டுவதற்கு இரண்டு கைகளும் கிடைத்தவன் அவன் ஒருவன்தான்.

முதலில் விறைப்பு என்று நினைத்தார்கள். எண்ணெய் பூசினார்கள், ஒருவரையொருவர் பிடித்துத் தொங்கினார்கள். தீயணைப்புக்காரர் வந்து படியில் உப்புப் போட்டு, கை தூக்கியபடி நின்றவர்களை வரிசையாக இறக்கிவிட்டார்கள். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துத் தோள்மூட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார். மெட்றோவில் அவர்கள் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. பண்டகசாலையில் வேலை செய்த கனகசிங்கத்தை, ஏதோ கேள்வி கேட்கிறார் என்று எண்ணி மேற்பார்வையாளர் ஒவ்வொரு தடவையும் நின்று விசாரித்தார். பிறகு மேல்தட்டில் பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றினார். நிரோஜா பிள்ளையைக் கூட்டிவரப் போன கார்டறி என்ற குழந்தைகள் காப்பகத்தில் குழந்தைகள் எல்லோரும் அவளைப் பார்த்துக் கை தூக்கினார்கள், தாங்களாகவே இறக்கினார்கள்.

கையை இறக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் அருமைராசா. கை தூக்கிய கழகம் என்று ஊர் சிரிக்கத் தொடங்கியதும் தமிழ் வானொலியில் பேசக் கேட்டார்கள். அவர் கூச்சமில்லாமல், "நான் ஒருத்தரையும் ஆதரிக்கேல்லை. ஃபானை நிப்பாட்டச் சொல்லித்தான் கையைத் தூக்கினனான்" என்றார். உறைமழை நாளில் எந்த ஃபான் என்று அறிவிப்பாளர் கேட்பதற்குள் அவருடைய கை நனைந்த துவாய்போல் மடியில் விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் விளங்கிக்கொண்டார்கள். ஒருவர் தலை கடித்தது, சொறிந்தேன் என்றார், ஒருவர் திரைச்சீலை நழுவியது என்றார், இன்னொருவர் மின்குமிழைக் காட்டினேன் என்றார். நிரோஜா நகச்சாயம் காயவைத்தேன் என்றாள். சொல்லச் சொல்லக் கைகள் விழுந்தன. மனதுக்குள் உண்மையிலேயே எதிர்த்த கனகசிங்கமும் மற்றவர்களைப்போலவே, "பற்றிஸ் இன்னொண்டு கேட்டனான்" என்று சொல்லித் தன் கையை மீட்டார். எதிர்த்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இறங்கிய கைகளில் பழுதான மீனின் நாற்றம் இருந்தது. தேசிக்காய் தேய்த்தும் போகவில்லை. உயிர்த்த ஞாயிறு வரும்போது அவர்களுக்கு அது மணக்காமல் போனது. மற்றவர்களுக்கு மணந்தது. நீக்கிலாப்பிள்ளை பூசையில் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர்களுக்கு இடது கையைக்கூட நீட்டவில்லை.

மகள் ஷெரோன் அவருடைய மேலங்கியின் வலது பக்கத்தைப் பிரித்து இழுத்துப் பூட்டும் சிப் வைத்துத் தைத்தாள். "அப்பா, நீங்களும் ஏதாவது சொல்லுங்கோவன்" என்றாள். அவர் இடது கையால் சிப்பை ஏற்றி இறக்கிப் பார்த்தார். டனிஸ்ரன் வந்தான். அவனுக்கு அந்தக் கை தொல்லையாகிவிட்டது. கோவிலிலும் கடையிலும் ஆட்கள் கிழவரைப் பார்த்து எதற்குத் தூக்கினது என்று கேட்டார்கள், பதிலில் அவனுடைய பெயர் வந்தது.

"பெரியப்பா, ஒரு சின்னச் சொல்லு. தோள் வலி, உடற்பயிற்சி செய்தனான் எண்டு சொல்லுங்கோ. முடிஞ்சுது."

"நான் தூக்கினது உனக்கு. உடற்பயிற்சிக்கு இல்லை."

"உங்களுக்காகத்தானே சொல்லுறன்."

"அக்னெஸின்ர வீட்டுக்கு அத்திவாரம் வெடிச்சதோ?"

டனிஸ்ரன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். "சட்டப்படி அதிலை ஒரு பிழையும் இல்லை, பெரியப்பா."

"வெடிச்சதோ எண்டு கேட்டனான்."

"ரோட்டு வரேக்குள்ள எப்பிடியும் இடிக்கிற வீடுதானே. ஆர் இடிச்சா என்ன? நான் நீதிபதியா வந்தா உங்கட பேர்தானே பெரியப்பா விளங்கும்." போகும்போது, புவாண்ட்-கிளேரில் ஒட்டோரூட் பற்றிப் பொதுமக்கள் கூட்டம் நடக்கிறது, அந்தக் கையோடு அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் இருந்த கதிரையை நீக்கிலாப்பிள்ளை இடது கையால் துடைத்தார்.

தன்னை ஓரிடத்துக்கு வரவேண்டாம் என்று தன் வீட்டுப் பையன் சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. பேசும் எண்ணம் இல்லாமல், வரவேண்டாம் என்றதற்காகவே அவர் போனார். மண்டபம் நிறைந்திருந்தது. அக்னெஸ் பின்வரிசையில் இருந்தாள். கழகத்தார் ஒரு மூலையில் இருந்தார்கள், அவர்களுக்குப் பக்கத்து ஆசனங்கள் மட்டும் காலியாக இருந்தன. டனிஸ்ரன் மேடைக்குக் கிட்ட நின்றான். பேச விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று தலைமை தாங்கிய பெண் சொன்னாள், சொல்லி முடிக்க முதலே உயர்ந்திருந்த ஒரே கையைப் பார்த்தாள். "போன்சூர் மிஸ்யூ, தொடங்குங்கோ" என்று ஒலிவாங்கியை அனுப்பினாள். டனிஸ்ரன் தலையை ஆட்டினான், தோளைத் தொட்டுக் காட்டினான். தோள் வலி என்று ஒரு சொல் போதும். கை இறங்கும், கடிதம் போகும், மூப்பரின் பேரன் கறுப்பு அங்கி போட்டு நீதிமன்றத்தில் இருப்பான். அந்த அங்கியை நீக்கிலாப்பிள்ளை மனதில் எத்தனையோ முறை தடவிப் பார்த்திருந்தார்.

அவர் எழும்பி நின்றார். "இந்தக் கை என்ர தம்பியின்ர மகன் டனிஸ்ரனுக்குத் தூக்கினது. அந்தா நிக்கிறான். ரோட்டு வருதெண்டு முதலே தெரிஞ்சுகொண்டு, அக்னெஸ் எண்ட இந்தப் பிள்ளைக்கு வீடு பழுதெண்டு பொய் சொல்லி வித்துவிச்சவன். அவ வந்து என்னட்டைச் சொன்னவ. நான் தெரிஞ்சுகொண்டுதான் கையைத் தூக்கினனான். எங்கட வீட்டிலை ஒரு நீதிபதி வேணும் எண்ட ஆசைக்குத் தூக்கினனான்." நிரோஜா அதைப் பிரெஞ்சில் சொன்னாள். சொல்லும்போது தன் இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தாள்.

மண்டபம் முழுவதும் கை விழுவதைப் பார்க்கக் காத்திருந்தது. அது விழவில்லை. அருமைராசா பக்கத்தில் இருந்தவரிடம், "இறங்கவும் இல்லையெண்டா, பேந்து ஏன் காணும் சொன்னவர்?" என்று கேட்டார்.

டனிஸ்ரன் உடல்நலத்தைக் காரணம் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தான். சுதாஜினி விண்ணப்பித்திருக்கவே இல்லை. தன் பெயரைக் கழகம் ஆராய்ந்தது அவளுக்குத் தெரியாது. கழகம் கேள்விப்பட்டே இராத ஒருவர் நீதிபதியானார். தம்பி வீட்டார் நீக்கிலாப்பிள்ளையோடு கதையை நிறுத்தினார்கள், தங்கள் பேரப்பிள்ளையின் முதல் நன்மைச் சடங்குக்குக்கூடச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அக்னெஸ் வழக்குப் போட்டாள். அது இன்னும் நடக்கிறது. ஒட்டோரூட் அகலமானது. அவளுடைய வீடு நின்ற இடத்தின்மேல் இப்போது இரண்டு தடங்கள் மேற்கே போகின்றன. கழகத்தில் வாக்கெடுக்கும்போது நீக்கிலாப்பிள்ளையின் கையைச் சேர்த்துக்கொள்வதா என்ற பிரச்சினை வந்தது. கையைப் பார்க்காமல் வாயால் கேட்பது என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். அதன் பிறகு அவரை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

கை உயர்ந்திருப்பதால் அவருக்குப் பஸ்கள் நிற்கின்றன. தரிப்பிடம் இல்லாத இடத்திலும் நின்று கதவைத் திறக்கின்றன. ஆரம்பத்தில் அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தனக்காக நிறுத்தியவனைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்று பட்டதும் ஏறத் தொடங்கினார். சில நாட்களில் ஒன்று மாறி ஒன்று ஏறி, அலுவல் ஒன்றும் இல்லாமல், மேற்குக் கோடியிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை போய் வருகிறார். மேற்கே போகும் சாரதிகளுக்கு அவரைத் தெரியும். அவருடைய கைக்கு இடம் விட்டுத்தான் மற்றவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் அக்னெஸும் சில காலைகளில் அதே பஸ்ஸில் ஏறுகிறாள். அவருக்குப் பக்கத்தில் இருப்பதில்லை, அவரைக் கண்டு இறங்கிப் போவதும் இல்லை. புவாண்ட்-கிளேரில் அந்த இரண்டு தடங்களின்மேல் பஸ் ஓடும்போது அவர் இடது கையால் தொப்பியைக் கழற்றுகிறார், தாண்டியதும் போட்டுக்கொள்கிறார். அக்னெஸ் ஜன்னலால் வெளியே பார்க்கிறாள். சாரதி அந்த இடத்தில் சற்று மெதுவாக ஓட்டுகிறான்.