எடைமண்டபத்தில் ஊசியும் கல்யாணமும்

ஃப்ரீஸ்லாந்தின் அந்தச் சின்ன ஊரில், ஒரு காலத்தில் வெண்ணெயும் சீஸும் நிறுத்த பழைய எடைமண்டபம்தான் இப்போது எல்லாம். கீழே நூலகம், மூலையில் தபால் மேசை, மாடியில் கல்யாணக்கூடம். அன்றைக்குப் புத்தக அலமாரிகளுக்கு நடுவே குளிர்காலக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி வேறு. சாவி, மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ரென்ஸ்கேயிடம். ஒரே நாளில் ஊசிக்கும் கல்யாணத்துக்கும் இடம் கொடுத்த தன் புத்தியை அவள் காலையிலிருந்து நொந்துகொண்டிருந்தாள்.

மணப்பெண் ஆல்த்யேவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாப்பிள்ளை வீபே அவளைவிட மூத்தவர். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்ட அவள் மகன் டௌவே, கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆல்த்யே மல்லுக்கு நிற்கவில்லை. சாட்சியாக அவன் பெயரையே கொடுத்துவிட்டாள்.

மாடிக்குப் போக ஊசி வரிசையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். நீல உடையில் ஆல்த்யே, வீபேயோடு நுழைந்ததும் வரிசை விலகியது.

"ஊசி போட்டுக்கிட்டுப் போ ஆல்த்யே! தேனிலவுல காய்ச்சல் வந்துடப் போகுது" என்றார் தபால் மேசையருகே நின்ற ஒருவர்.

எல்லோரோடும் சேர்ந்து சிரித்த ஆல்த்யே சட்டென்று நின்றாள். செவிலியின் முன்னால், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு டௌவே உட்கார்ந்திருந்தான்.

"ஊசி போடத்தான் வந்தேன்" என்றான், யாரும் கேட்காமலே.

ஆல்த்யே வீபேயின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

ரென்ஸ்கேக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, சாயங்காலம் வரைக்கும் ஊசி போடுறாங்க. சரியா முகூர்த்த நேரத்துக்கு வந்து உக்காந்திருக்கியே!"

டௌவே தலையைத் தொங்கப் போட்டான். "எங்க அப்பாவும் அம்மாவும் கல்யாணம் பண்ணிக்கிட்டதும் இதே மாடியிலதான் அக்கா."

"அது உங்கம்மாவுக்கு மறந்தா போச்சு? நெனப்போடதான்டா ஏறிப் போறா."

செவிலி ஊசி போட்டுப் பஞ்சை அழுத்தினாள். "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் போகணும்."

"மேல போய் உக்காந்துக்கிறேன்" என்று எழுந்தான்.

மாடியில் அவன் தலை தெரிந்ததும் ஆல்த்யேவின் கண் நிறைந்துவிட்டது. அவன் கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியது.

"ஊசி போட்ட கை, அதான்" என்றார் வீபே, எல்லோருக்கும் கேட்கும்படி. டௌவே அவரை நிமிர்ந்து பார்த்தான். முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தான்.

அழைப்பில்லாத வரிசை முழுக்கப் படிக்கட்டில் நின்று கைதட்டியது. கல்யாணத்துச் சர்க்கரை ரொட்டியை நறுக்கிக் கீழே எடுத்து வந்த ரென்ஸ்கே, புத்தகங்கள் மேல் சிந்தாமல் தின்னுங்கள் என்று அதட்டினாள். யாரும் கேட்கவில்லை.