வலித்தால் தட்டுங்கள்

நோயாளிகள் அவளைத் தங்கக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கவாதத்தில் கைகால் விழுந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் என்று வெளியே வர முடியாதவர்களின் வீடு தேடிப் போய் பிசியோதெரபி கொடுப்பது அவள் வேலை. அவள் கை பட்டால் பாதி வலி போய்விடும் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேரில் அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்று காலை கிளினிக் மேலாளர் புது நோயாளியின் விவரத்தைச் சொன்னதும் அது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

"மேடம், இதை வேற யாருக்காவது மாத்திக் குடுக்க முடியுமா?"

"யாரு இருக்கா? இன்னொருத்தி பிரசவ லீவுல போயிட்டா. நீயே பக்கவாதத்துக்கு முதல் மாசம்தான் முக்கியம்னு வகுப்பு எடுக்கிற ஆளு."

முகவரியைக் குறித்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் கணவர் அந்தத் தலைமையாசிரியரின் பள்ளியில்தான் வேதியியல் ஆசிரியராக இருந்தார். ஆய்வுக்கூடத்தில் கேஸ் குழாய் கசிகிறது, சரிசெய்யுங்கள் என்று அவர் நடையாய் நடந்து சொன்னதும், தலைமையாசிரியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததும் பள்ளிக்கே தெரியும். ஒருநாள் தீப்பிடித்து ஒரு மாணவியின் கை வெந்துபோனது. விசாரணையில் தலைமையாசிரியர் வாய் கூசாமல், "என்கிட்ட யாரும் எதுவும் சொல்லலை" என்றார். கணவருக்கு வேலை போனது. பேரும் போனது. இப்போது ஒரு ஹார்டுவேர் கடைக் கிடங்கில் குழாய்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு குடும்பமும் ஒரே சபைதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தலைமையாசிரியர் குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. சத்துருவை நேசி, உன்னைத் துன்பப்படுத்துகிறவனுக்காக ஜெபம் செய் என்று இயேசு சொன்னதை வைத்து அவள் பெண்கள் கூட்டத்தில் ஒருமுறை பேசியிருக்கிறாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், சிலர் அழுதார்கள். தினமும் அவருக்காக ஜெபிக்கவும் செய்தாள். ஆனால் உட்கார்ந்து கேட்டால், அது ஜெபம் மாதிரி இருக்காது. ஆண்டவரிடம் கொடுக்கிற புகார் மனு மாதிரி இருக்கும்.

கதவைத் திறந்தது தலைமையாசிரியரின் மனைவி. இவளைக் கண்டதும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் வரப்போறேன்னு சொன்னாங்க. வேற ஆளைக் கேட்கலாமான்னு யோசிச்சேன்மா. அப்புறம், நீ வேதம் படிக்கிற பொண்ணு, மனசுல எதையும் வச்சுக்க மாட்டேன்னு விட்டுட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல ஆன்ட்டி" என்று உள்ளே போனாள்.

ஒரு காலத்தில் அவர் நடைபாதையில் வந்தாலே பள்ளிக்கூடம் கப்சிப் ஆகிவிடும். இப்போது கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். வாயோரம் ஈரமாக இருந்தது. மற்றவர்கள் பேசுவது புரிந்தது. ஆனால் திரும்பிச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. பசித்தாலும் "சரி, சரி." கோபம் வந்தாலும் "சரி, சரி."

செத்த கையைத் தூக்கும்போது தோள்பட்டையை அடியில் தாங்கிப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தாங்காமல் இழுத்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், மூட்டும் கெட்டுவிடும். படிக்கிற காலத்திலேயே அவளுக்கு மனப்பாடமான பாடம் அது. ஆனால் அன்று அவள் இடது கை தோளுக்கு அடியில் போகவில்லை. மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள்.

"சரி! சரி, சரி!" என்று அவர் கத்தினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தார். "என்னாச்சும்மா?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. தோள் கொஞ்சம் இறுகியிருக்கு."

அவசரத்தில் கை தவறிவிட்டது என்று பஸ்ஸில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த முறை போனபோது அந்தச் சமாதானமும் நிற்கவில்லை. தூக்குவதற்கு முன்பே அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார், பயத்தோடு. அந்தப் பயம் அவளுக்கு இனித்தது. தூக்கினாள்.

"சரி, சரி" என்று அவர் முனகினார். கேட்கிறவர்களுக்கு அவர் ஒத்துழைக்கிறார் என்றுதான் தோன்றும். மனைவி கதவருகே வந்து எட்டிப் பார்த்து, "ஆண்டவர்தான் உன்னை அனுப்பியிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு நாளும் நடந்ததை மென்று விழுங்காமல் கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எனக்காகவா செஞ்ச?"

"தெரியலைங்க. அந்த நேரத்துல உங்க முகம்தான் கண்ணுக்குள்ள இருந்துச்சு."

"என் பேரைச் சொல்லி அதைச் செய்யாதே." அவர் எழுந்து கை கழுவினார். ஈரக் கையோடு சுவரைப் பார்த்தபடியே நின்றார். "நீ சொன்னப்போ ஒரு நொடி எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நல்லா வேணும்னு தோணுச்சு. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"அவருக்குக் கத்தக்கூட வழி இல்லை, உனக்குத் தெரியுதா? சரின்னுதானே வாயில வருது. முதல்ல அதுக்கு ஏதாவது பண்ணு. நேசிக்கிறதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

மறுநாள் முதல் வேலையாக மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உன்னையா நான் எல்லாருக்கும் உதாரணமா காட்டிக்கிட்டிருந்தேன்?" என்றார். அவளை எழுதிக் கொடுக்கச் சொன்னார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்கு அவள் போகலாமா கூடாதா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும், அதுவும் அவளே தன் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்றார்.

அன்றே அந்த வீட்டுக்குப் போய், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மனைவியையும் கூப்பிட்டாள்.

"சார், போன ரெண்டு தடவையும் உங்களுக்கு வலிச்சது வைத்தியத்தால இல்ல. நான் வலிக்க வச்சேன். உங்க மேல எனக்கு இருக்கிற கோபம் கைக்கு இறங்கிடுச்சு. அது தப்பு. மன்னிச்சிடுங்க. இனி நான் வரலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

மனைவியின் முகம் கறுத்தது. "நம்பித்தானே உள்ள விட்டேன்! வாய் பேச முடியாத மனுஷன்மா! இதுக்கா வேதம் படிச்ச?"

"நீங்க கேட்கிறது நியாயம்தான் ஆன்ட்டி."

"போ. எழுந்து போ முதல்ல."

அவள் பையை எடுத்தாள். கட்டிலிலிருந்து "சரி" என்று குரல் வந்தது. இருவரும் திரும்பினார்கள். தலைமையாசிரியர் நல்ல கையால் செத்த கையின் மணிக்கட்டைப் பிடித்து, பாரமான மூட்டையை இழுப்பதுபோல இழுத்து, போர்வையின் விளிம்புவரை கொண்டுவந்து, அவள் பக்கமாக வைத்தார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வைத்தியத்துக்கு நீட்டுகிறாரா, அடிக்கு நீட்டுகிறாரா? அன்று விசாரணையில் சொன்ன பொய்க்கு இது வேண்டும்தான் என்று நீட்டினால் இந்தக் கையை எப்படித் தொடுவது? அவர் கண்ணில் தேடிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டாலும் "சரி" என்றுதான் வரும்.

"சார், தண்டனை குடுக்க நான் வரலை. அப்படி நினைச்சு நீட்டினா, கையை எடுத்துக்கோங்க" என்றாள். கை அங்கேயே கிடந்தது.

மறுபடி உட்கார்ந்தாள். அவருடைய நல்ல கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்தாள். "வலிச்சா இப்படித் தட்டுங்க. எதுவும் பேச வேண்டாம். தட்டின உடனே விட்டுடுவேன். ஏன் எதுக்குன்னு கேட்க மாட்டேன்."

மனைவி வெளியே போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கட்டில் கால்மாட்டிலேயே உட்கார்ந்தார். தங்கக்கை தோளுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல அந்தக் கையைத் தூக்கினாள். மார்பு உயரம் வருவதற்குள் அவர் தட்டினார். விட்டாள். மறுபடி தூக்கினாள். தட்டினார். வலித்ததா, சோதித்துப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. விட்டாள். அன்று ஒரு பயிற்சியும் உருப்படியாக நடக்கவில்லை.

அப்படியே வாரங்கள் போயின. தட்டுவது குறைந்தது. தோள் இளகியது, விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. மனைவி ஒரு நாளும் அந்தக் கால்மாட்டை விட்டு எழவில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தினமும் வீடு திரும்பியதும் கணவர், "தட்டினாரா?" என்பார். "தட்டினார், விட்டேன்" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கோபம் மட்டும் போன பாடில்லை. ஒருநாள் பழைய மாணவர்கள் அவருக்குச் செய்த பாராட்டு விழாப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மாலையும் சால்வையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய குழாய்களுக்கு நடுவே நிற்கும் கணவர் நினைவுக்கு வந்தார். முழங்காலில் தட்டு விழுந்தபிறகுதான் தன் விரல்கள் இறுகியிருப்பது அவளுக்கே தெரிந்தது. சட்டென்று விட்டாள். எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "மன்னிச்சிடுங்க சார், முதல்ல இருந்து செய்யலாம்" என்றாள். மனைவி அன்றுதான் முதல்முறையாக அவளைக் கோபமில்லாமல் பார்த்தார். எழுந்து அந்தப் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார்.

பிரசவ லீவில் போனவள் திரும்பி வந்ததும் மேலாளர் நோயாளியை அவளிடம் மாற்றிவிட்டார். தங்கக்கை ஒருநாள் அவளோடு போய், தோளை எப்படித் தாங்குவது, எப்போது தட்டுவார் என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் ஸ்பூனைப் பிடித்து வாய்வரை கொண்டுபோகிற அளவுக்குத் தேறியிருந்தார். பேச்சு வரவில்லை. விசாரணையைப் பற்றி அவர் என்ன நினைத்தார், எதையாவது நினைத்தாரா என்பது கடைசிவரை தெரியவே இல்லை.

அன்று மாலை ஜெபிக்க உட்கார்ந்தபோது அவர் பேரைச் சொன்னாள். அதற்குமேல் வழக்கமாக வருகிற எதுவும் வாயில் வரவில்லை. "தோள் வலிக்காம இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் ஆமென் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.