போங்கோ என்று எழுதியவன்

மோகனப்பிரியாவின் சாப்பாட்டுக் கடை, சிங்கப்பூர்த் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சிறு தெருவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் காத்தோங் வீட்டிலிருந்து பேருந்து ஏறி அங்கே போய்க் காலை ஆகாரம் சாப்பிடுவது என் வழக்கம். அன்று நான் போனபோது கடையின் இரும்புக் கதவு பாதிதான் திறந்திருந்தது. அதன்மேல் சிவப்புச் சாயத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: வடக்கத்தியான் கெதியாப் போங்கோ.

அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மனைவி குணவதியின் குரல் கேட்டது. அவள் காலமான பிறகு அந்தச் சொற்களை யாரும் என் காது கேட்கப் பேசியதில்லை. தெருவில் நிற்கிறோம் என்பதையே ஒரு கணம் மறந்துவிட்டேன்.

கதவைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பூக்கடை நடேசன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“கதி கெட்டுப் போங்கன்னு எழுத வந்திருப்பான். ஸ்பெல்லிங் வரலை லா. அதுலயும் பாருங்க, திட்டுறவன் ‘போங்கோ’ன்னு மரியாதையா திட்டுறான்.”

கடையின் சமையற்காரர்கள் இரண்டு பேர் பீகாரிலிருந்து வந்தவர்கள். எனவே, வடக்கத்தியான் என்பது அவர்களைத்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். முந்தைய வாரம் இதே வாசகம் இளமாறனின் தையற்கடைக் கதவிலும் இருந்தது. அங்கே வடநாட்டார் யாரும் இல்லை. எழுதியவன் கதவு மாறி எழுதிவிட்டான் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள்.

பழி யாசர்மேல் விழுந்தது. இராமநாதபுரத்துப் பையன், எதிரே உள்ள காய்கறிக் கடையில் வேலை செய்கிறான். பெட்டிகள் அடுக்கும் இடத்துக்காக அந்தச் சமையற்காரர்களோடு சண்டை போட்டிருக்கிறான். பின்சந்துக் கேமராவில் தொப்பியும் முகக்கவசமும் போட்ட ஓர் ஆள் தெரிகிறான். உயரம் யாசரின் உயரம். போலீஸ் அவனை விசாரணைக்கு அழைத்துப் போய்விட்டது என்றும், குற்றம் உறுதியானால் வேலை அனுமதி ரத்தாகி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் மோகனப்பிரியா சொன்னாள். அவள் பட்டுக்கோட்டைப் பக்கம். எனக்குப் பரிமாறும்போது கையை எப்போதும் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வாள்.

“யாசர் செய்யலைங்க ஐயா. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவான். நீங்க போலீஸ்ல பெரிய வேலையில இருந்தவங்க. கொஞ்சம் பாருங்க.”

குற்றப் புலனாய்வில் என் காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் இந்த வழக்கில் துப்பறிய எனக்கு எதுவும் மிச்சமில்லை. கதவைப் பார்த்தபோதே பாதி தெரிந்துவிட்டது.

எங்கள் முன்னோர் யாழ்ப்பாணத்தவர். அங்கிருந்து பார்த்தால் இந்தியாதான் வடக்கு. இந்தியாவிலிருந்து யார் வந்தாலும், தமிழரே ஆனாலும், எங்கள் வீடுகளில் அவர் வடக்கத்தியான். கெதியா என்றால் சீக்கிரமாக. குணவதி யாழ்ப்பாணத்தில் பிறந்து என்னைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்தவள். தேக்காவுக்குப் புறப்பட்டால், “வடக்கத்தியான் கடையடிக்குப் போட்டு வாறன்” என்பாள். அங்கே முருங்கைக்காய் நல்லதாகக் கிடைக்கும் என்பதைத் தவிர அவள் மனத்தில் வேறொன்றும் இருந்ததில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டும்போது, “கெதியாப் போங்கோ, ராசா” என்பாள். எங்கள் பக்கம் பிள்ளைகளையும் அப்படி மரியாதையாகத்தான் பேசுவோம்.

ஆகவே எழுதியவன் கதவு மாறவில்லை. மோகனப்பிரியாவும் இளமாறனும் தமிழ்நாட்டிலிருந்து வந்து கடை வைத்தவர்கள். அவர்களைத்தான் போகச் சொல்லியிருக்கிறான்.

மற்றப் பாதியை அறிய நான் கதவின் அருகே போனேன். ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு நெருக்கிக்கொண்டு நின்றது. ‘போ’விலும் அப்படியே. முதலில் ககரத்தையும் பகரத்தையும் எழுதிவிட்டு, பிறகு கொம்பு நினைவு வந்து, இடமில்லாத இடத்தில் அதைத் திணித்திருந்தான். தமிழ் எழுதப் பழகியவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். என் மகன் சுஜீந்திரன் எழுதுவான். குணவதி எத்தனையோ தடவை அவன் கையைப் பிடித்துத் திருத்தியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அன்று இட்லி சாப்பிடாமலே புறப்பட்டேன். பார்க்கிறேன் என்று மட்டும் மோகனப்பிரியாவிடம் சொன்னேன்.

சில மாதங்களுக்கு முன் சுஜீந்திரனுக்கு வேலை போன செய்தியைக் கோயிலில் ஒரு தெரிந்தவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். வீட்டுக்கு வந்து அவனிடம் அதைக் கேட்டேன். வாக்குவாதம் முற்றியது. அவன் உட்லண்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனான். முகவரியை மட்டும் அனுப்பினான். அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஆனால் அவன் அறையை நானே கூட்டி, சன்னலைத் திறந்துவிட்டு, மாலையில் மூடிக்கொண்டிருந்தேன்.

உட்லண்ட்ஸ் போகும் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது, சும்மா இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்த மூன்று சொற்களையும் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் தேக்காவில் இல்லை. செண்பக விநாயகர் கோயிலில் எங்கள் குடும்பத்தை முன்வரிசையில் நிறுத்துகிறார்கள். என் தகப்பனாருக்கும் அந்த மரியாதை இருந்தது.

சுஜீந்திரனே கதவைத் திறந்தான். இளைத்துவிட்டிருந்தான். கன்னம் ஒட்டியதில் தாயின் முகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே வரச் சொன்னான். தேத்தண்ணி போட்டுத் தந்தான். நான் கேட்பதற்கு முன்பே, எதற்காக வந்தேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

“கொம்பாலதானே பிடிச்சனீங்கள்?” என்றான்.

ஓம் என்றேன்.

பிறகு அவனாகவே சொல்லத் தொடங்கினான். சென்னையிலிருந்து வந்த ஒருவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்களாம். கற்றுக்கொடுத்து முடிந்ததும் அவனையே வேண்டாம் என்றார்களாம். வேறு வேலை கிடைக்காத நாட்களில் அம்மாவோடு சுற்றிய தெருக்களில் போய் நடந்திருக்கிறான். மோகனப்பிரியாவின் கடையில் உட்கார்ந்து சொதி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். தேங்காய்ப் பாலில் வைக்கும் அந்தக் குழம்பு அங்கே யாருக்கும் தெரியவில்லை. “இது எந்த ஊருத் தமிழ் தம்பி?” என்று பக்கத்து மேசைக்காரர் கேட்க, சிரிப்பு எழுந்ததாம். அந்த மேசைக்காரர் தையற்கடை இளமாறன்.

“அது அம்மான்ர இடம், அப்பா. அங்க நான் வெளியாள் ஆயிட்டன்.”

சொதியை நானும் அவள் போன பிறகு சாப்பிடவில்லை. அவனை ஆங்கிலத்தில் படிக்க வைத்தோம். தமிழ் அவனுக்குத் தாயின் வாய்வழி வந்தது மட்டும்தான். வெறுப்பை எழுதப் போனவனுக்கும் அவள் கொஞ்சிய சொற்களைத் தவிர வேறு தமிழ் கிடைக்கவில்லை.

யாசரைப் பற்றிச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நான் வீட்டை வாறன், அப்பா. உங்களோட இருக்கிறன். இனிமேல் செய்ய மாட்டன். எங்கள் ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது” என்றான்.

இந்த வார்த்தைக்காக எத்தனை மாலைகள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சரி என்று சொல்லியிருந்தால் போதும். அவன் பெட்டியைக் கட்டியிருப்பான். இருவரும் சேர்ந்தே ரயில் ஏறியிருப்போம்.

“வா. முதல்ல ஸ்டேஷனுக்குப் போவம்.”

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். “பேப்பர்ல பேர் வரும். அதுக்குப் பிறகு கோயில்ல தலை நிமிர்ந்து நிப்பீங்களோ?”

“உன்ர பழியோட அந்தப் பெடியன் ப்ளேன் ஏறினால், அதுக்குப் பிறகு நிமிர்த்திறதுக்கு எனக்கு ஒரு தலை வேணுமே?”

அவன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தான். சட்டையை மாற்றினான். ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். வழி நெடுக அவன் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

விசாரணை அதிகாரி ஃபர்சானா என்ற இளம்பெண். எழுத்துகளின் படத்தை மேசைமேல் வைத்து, அந்தச் சொற்களின் பொருளையும் எழுதியவனின் பெயரையும் நானே சொன்னேன். என்ன உறவு என்று கேட்டாள். என் ஒரே மகன் என்றேன். அவள் பேனா சற்று நின்று, பிறகு எழுதியது. சுஜீந்திரனை உள்ளே அழைத்துப் போனார்கள்.

யாசரை அன்று பிற்பகலே விட்டுவிட்டார்கள். மோகனப்பிரியா அவனைக் கூட்டிப்போக வந்திருந்தாள். எழுந்து நின்று, எழுதியது என் மகன் என்று அவளிடம் சொன்னேன். அவள் நின்றாள். கையைத் தலைப்பில் துடைத்தாள். யாசரின் முதுகில் கைவைத்து வெளியே நடத்திப் போனாள். அவளிடமிருந்து ஒரு வார்த்தையை எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

மாலையில் ஃபர்சானா ஒரு தாளோடு வெளியே வந்தாள்.

“சார், ஜாமீனுக்கு அட்ரஸ் கன்ஃபர்ம் பண்ணணும். எங்க ரெக்கார்ட்ல உட்லண்ட்ஸ்னு இருக்கு. ஆனா உங்க மகன் காத்தோங் வீட்டைச் சொல்றார். அங்கதான் இருக்காரா?”

அரசாங்கத் தாளில் நான் பொய் எழுதவிட்டதில்லை.

“இண்டையில இருந்து” என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள்.