பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்து

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் ஊர் திரும்பப் பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டதாக நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு, "நீ எப்பச் சொன்னே?" என்பாய். போன தடவையும் அதுதான் நடந்தது. அதனால் எழுதுகிறேன். அண்ணி இதைப் பார்த்து, "வக்கீல் நோட்டீஸ் வந்தாச்சு" என்று சிரிப்பார். சிரிக்கட்டும்.

நான் வரவில்லை. ஏன் என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் படிப்பை "ஓசிப் படிப்பு" என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லித் திரிவதால், முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். வாரம் பன்னிரண்டு மணி நேரம் தொண்டு நிலையத்தில் பெரியவர்களுக்குச் சம்பளமில்லாமல் ஆங்கிலம் கற்றுத்தருகிறேன். அதற்கு ஈடாக நிலையத்தின் மாடியில் ஓர் அறை, கல்லூரிக் கட்டணத்தில் பாதித் தள்ளுபடி. பருவம் முடிந்ததும் நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் அடுத்த பருவத்தில் எனக்கு இடமில்லை. இதில் ஓசி எங்கே இருக்கிறது என்று சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்.

நிலையம் இருக்கும் கட்டடம் ஒரு சலவைக்கூடத்துக்குச் சொந்தம். நகரத்து ஓட்டல்களின் விரிப்புகளெல்லாம் கீழ்த்தளத்தில்தான் வெளுக்கப்படுகின்றன. நீராவி ஓடும் குழாய்கள் என் அறைக்குக் கீழே போவதால் தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ஈரத்துணியைத் தரையில் விரித்தால் போதும், கொடியே வேண்டாம். என் மாணவர்கள் ஒன்பது பேரும் கீழே வேலை செய்கிறவர்கள். பகல் வேலை முடிந்ததும் கையில் சோப்பு வாசனையோடு மாடியேறி வருவார்கள்.

ஒருங்கிணைப்பாளருக்கு அவர்கள் வைத்த பெயர் 'பரவாயில்லை'. நாற்காலிக் கால் உடைந்தாலும், விளக்கு எரியாவிட்டாலும் அவர் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். பாடப் புத்தகமும் அவர் கொடுத்ததுதான். ஆறாம் பாடம், ஓட்டலில் ஜன்னலோர மேசை கேட்பது எப்படி என்று. நான் அதை நடத்தத் தொடங்கியபோது இஸ்திரிக்காரம்மா கையைத் தூக்கினார். நம் அம்மாவைவிட நாலைந்து வயது மூத்தவர். நீராவி இஸ்திரி யந்திரத்தில் நிற்பவர். பாதி ஆங்கிலத்திலும் பாதி கை ஜாடையிலும் அவர் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"டீச்சர், அந்த மேசை விரிப்பைத் தேய்க்கிறவளே நான்தான். அதுல உக்காந்து நான் என்ன கேக்கப் போறேன்? எனக்கு மெஷினைப் பத்திப் பேசக் கத்துக்குடுங்க."

"மெஷினுக்கு என்ன?"

"கை உள்ள போனா தானா நிக்கணும். அதை நிறுத்தற கம்பி ஒடஞ்சு ரெண்டு மாசமாச்சு. நாலு தடவ சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவையும் மேற்பார்வையாளர், 'எப்பச் சொன்னே?'ங்கறார்."

சொல்லிவிட்டு இடது கையைக் காட்டினார். இரண்டு விரல் நுனிகள் வழவழவென்று, ரேகையே இல்லாமல் இருந்தன.

'எப்பச் சொன்னே' என்றதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பலகையில் எழுதினேன். இடப்பக்கம் அனுப்புநர், கீழே பெறுநர், தேதி, பொருள், ஐயா. பத்தாம் வகுப்பில் விடுப்புக் கடிதம் எழுதி எழுதிக் கை தேய்ந்தோமே, அதே அமைப்பு. மாதிரிக்காக அனுப்புநர் இடத்தில் என் பெயரையும் பழைய வகுப்பையும் நம் பள்ளியின் முகவரியையும் போட்டேன். பிறகு முக்கியமானதைச் சொன்னேன்: எப்போதும் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுங்கள். இன்னொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

நகரவில்லை. மறுநாள் காலை இஸ்திரிக்காரம்மா மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றார். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டுக் கொடுத்தார். உட்கார்ந்து படித்த பிறகுதான், விபத்து நடந்தால் அந்தக் கையெழுத்து தன் தலையில் விடியும் என்று அவருக்கு உறைத்திருக்கிறது. மதியத்துக்குள் மெக்கானிக் வந்தார். யந்திரம் ஒரு நாள் முழுக்க நின்றது, விரிப்புகள் மலையாகக் குவிந்தன, ஓட்டல்கள் கத்தின. மேலாளர் அந்தக் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

அங்கேதான் விஷயம் வெளிப்பட்டது. அனுப்புநர் இடத்தில் இஸ்திரிக்காரம்மா பெயர் இல்லை. பலகையில் இருந்ததும் கடிதத்தில் சேர்த்திதான் என்று நினைத்து, என் பெயர், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, நம் பள்ளி முகவரி எல்லாவற்றையும் மணி மணியான எழுத்தில் அப்படியே எழுதியிருக்கிறார். தன் யந்திரத்தைப் பற்றி எங்கோ இருக்கும் ஒரு பள்ளி மாணவி எதற்குப் புகார் கொடுக்கிறாள் என்று மேலாளர் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்.

பெயரை வைத்து என்னைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. 'பரவாயில்லை' என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் அந்தக் கடிதமும் பக்கத்தில் என் படிவமும் இருந்தன.

"பயப்படாதீங்க. உங்க மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும்," என்றார். "ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. இந்தக் கடிதத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லைன்னு. இப்பவே உங்க படிவத்துல கையெழுத்துப் போட்டுடறேன்."

"அப்ப அந்த அம்மாவுக்கு என்ன ஆகும்?"

"அடுத்தவங்க பேர்ல கடிதம் எழுதினா என்ன ஆகுமோ, அது ஆகும். அது சலவைக்கூடத்துப் பாடு. நமக்கென்ன?"

"அந்தக் கம்பி ஒடஞ்சது உண்மைதானே, சார்?"

"உண்மை, பொய்யெல்லாம் நமக்கு எதுக்கு? நீங்க பேச்சு ஆங்கிலம் சொல்லிக்குடுக்க வந்தவங்க. இந்தக் கட்டடம் அவங்களோடது. நீங்க தூங்கற அறை அவங்களோடது. யோசிங்க."

யோசித்தேன், அண்ணா. வீரமாக நின்றேன் என்று எழுத மாட்டேன். அடுத்த பருவம், அந்த இளஞ்சூட்டு அறை, நீங்கள் எல்லாரும் "அப்பவே சொன்னோமே" என்று சொல்லப்போகும் முகங்கள், எல்லாம் கண்முன் வந்தன. பிறகு பேனாவையும் இரண்டு தாள்களையும் கேட்டு வாங்கினேன். அவர் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார்.

நான் எழுதியது இதுதான்: "அந்தக் கடிதத்தில் உள்ளது உண்மை. எழுதக் கற்றுக்கொடுத்தது நான். அதில் என் பெயர் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." தேதி போட்டு, இரண்டிலும் கையெழுத்திட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்தேன். இன்னொன்றை நீட்டினேன்.

"பெற்றுக்கொண்டேன்னு போடுங்க, சார்."

அவர் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயில் 'பரவாயில்லை' வரவில்லை. "சனிக்கிழமைக்குள்ள அறையைக் காலி பண்ணுங்க. படிவத்துல கையெழுத்துக் கிடையாது," என்றார்.

"சரி. ஆனா இதுல போடுங்க."

"போடலைன்னா?"

"நிக்கறேன்."

நின்றேன். அவர் இரண்டு போன் பேசினார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். கடைசியில் என்னைப் போகவைப்பதற்காகவே கிறுக்கிக் கொடுத்தார்.

அந்தப் பிரதியையும் என் வருகைப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டில் வாரா வாரம் அவர் போட்ட கையெழுத்தே இருந்தது. ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. கவுண்டரில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தார். "இவ்வளவு காகிதத்தோட யாரும் வந்ததில்லையே!" என்று சிரித்தார். இந்தப் பருவத்தின் மணிக்கணக்கை ஏற்று முத்திரை குத்தினார். அடுத்த பருவத்துக்கு முப்பது நாளில் வேறொரு நிலையத்தின் ஒப்புதல் கொண்டுவர வேண்டும் என்றார். நகர நூலகத்துக்குப் போய்க் கேட்டேன். "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க," என்றார் நூலகர். எனக்கா சொல்ல வேண்டும்!

அறையைக் காலி செய்துவிட்டேன். என் பெட்டி தெருவில் வந்தது சலவைக்கூடத்துத் துணி வண்டியில். பெயருக்குரிய நானே எழுதிக்கொடுத்துவிட்டதால், கடிதம் போலி என்று சொல்ல இப்போது யாருமில்லை. இஸ்திரிக்காரம்மா வேலை தப்பியது, கம்பியும் புதிது. அவர் வீட்டில், அவர் மகளோடு ஒரே அறையில் இருக்கிறேன். சிரிக்காதே, அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டியே கிடையாது. எல்லாரும் கசங்கிய சட்டையில்தான் திரிகிறோம். வகுப்பு இப்போதைக்குப் பஸ் டிப்போ கேன்டீனில் நடக்கிறது. ஒன்பது பேர் பதினான்கு ஆகிவிட்டார்கள். முதல் பாடமே, அனுப்புநர் இடத்தில் அவரவர் பெயர் எழுதுவது.

நூலகர் சம்மதிப்பாரா, தெரியாது. இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அவர் மாட்டேன் என்றால் அடுத்த கதவைத் தட்டுவேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

இத்துடன் இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பு. அனுப்புநர் பெயரை ஒரு முறை சரிபார்த்துக்கொள். இந்தத் தடவை எழுதியதும் நான்தான், பெயரும் என்னுடையதுதான்.

உன் தங்கை