பாக்கெட்டின் பின்பக்க எண்

மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருபத்தோரு வருடம் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த வில்பிரட்டுக்குக் காகித வேலையில் பெருமை உண்டு. ஊரப்பாக்கத்தில் அவர் தெருவில் யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டுமென்றாலும், பட்டாவுக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். சபைக் கமிட்டியின் கடிதங்களும் அவர் கையெழுத்தில்தான் போகும். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது ஐம்பது வயதில் வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி ஏஞ்சல் கிறிஸ்துமஸுக்குச் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் மைதாப் பலகாரமான கலகலாவையும் அச்சுமுறுக்கையும் கடைகளுக்குப் போட்டால் என்ன என்று அவர்தான் ஆரம்பித்தார்.

“அடுப்பு வேலை என்னோடது. லைசென்ஸ், பில்லு அதெல்லாம் நீங்க பாத்துக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள் ஏஞ்சல்.

“அது ஒரு வேலையா?” என்றார் வில்பிரட்.

வேலையாகத்தான் இருந்தது. உணவுப் பொருள் விற்க அரசுப் பதிவு வேண்டும். பதிவுக்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சாம்பசிவத்திடம் புது ஒப்பந்தம் கேட்டால், வீட்டில் வியாபாரமா என்பார், கரன்ட் மீட்டரை கமர்ஷியலுக்கு மாற்றச் சொல்வார், வாடகையை ஏற்றுவார். தாம்பரத்தில் ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி நாலாயிரத்து ஐந்நூறு கேட்டான். “அநியாயம்” என்று எழுந்து வந்துவிட்டார். உண்மையில் கட்டணம் எவ்வளவு என்று பார்க்கக்கூட இல்லை. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். பதிவு இல்லாமலே பாக்கெட்டுகள் கடைகளுக்குப் போக ஆரம்பித்திருந்தன.

நவம்பரில் சேலையூர்க் கடைக்காரர், பதிவு நம்பர் இல்லாத பாக்கெட்டை இனி அடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். லேபிள் அச்சடிக்கும் குமரவேல் போனில், “நம்பர் குடு சார், இன்னிக்கே ஓட்டிடலாம்” என்றான். சமையலறை அலமாரியில் ஒரு சத்துமாவு பாக்கெட் இருந்தது. அதன் பின்பக்கத்தில் பதினான்கு இலக்கங்கள். வில்பிரட் அதைப் பார்த்து நிதானமாக ஒவ்வொன்றாகத் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஜனவரியில் நம் நம்பர் வந்துவிடும், அப்போது புது லேபிள் போட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஏஞ்சலிடம், “லைசென்ஸ் வந்துடுச்சு” என்றார். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தில் அவள் அதற்காகத் தனியாக நன்றி சொன்னாள். அவரும் ஆமென் சொன்னார்.

ஜனவரி போயிற்று. பிப்ரவரியில் ஒருநாள் காலை ஒரு பெண் லேபிளில் இருந்த போன் நம்பருக்குக் கூப்பிட்டு, பத்து பாக்கெட் வேண்டும், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று முகவரி கேட்டாள். பதினொரு மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வாம்மா. சூடா இருக்கு, ரெண்டு சாப்பிட்டுப் பாரு” என்று ஏஞ்சல் தட்டை நீட்டினாள்.

அவள் தட்டைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு கலகலா பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

“அக்கா, இந்த ஃபுட் லைசென்ஸ் நம்பர் உங்களோடதா?”

“ஆமாம்மா. இவருதான் எடுத்தாரு. ஏன்?”

“இது என் நம்பர். என் பேரு வினிதா. ராஜகீழ்ப்பாக்கத்துல சத்துமாவு செய்றேன்.”

போனில் அந்த எண்ணைப் போட்டுக் காட்டினாள். அவள் பெயரும் முகவரியும் வந்தன. வில்பிரட் கூடத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து அப்படியே நின்றார்.

“பள்ளிக்கரணையில ஒரு குழந்தைக்கு இதைச் சாப்பிட்டு வாந்தியாம். சிக்கு வாடை அடிச்சுதுன்னு அவங்கம்மா பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு, லைசென்ஸ் நம்பரை மட்டும் போட்டுப் புகார் குடுத்துட்டாங்க. ஆபீசர் நேரா என் வீட்டுக்குத்தான் வந்தாங்க. மாவு மிஷினைப் பாத்தாங்க, சாம்பிள் எடுத்தாங்க, விசாரணை முடியிற வரைக்கும் எதுவும் போடக் கூடாதுன்னுட்டாங்க. கலகலாவா, நான் அதெல்லாம் செய்யறதே இல்லைன்னு சொன்னேன். அப்ப உங்க நம்பர் எப்படிப் போச்சுன்னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? ஒன்பது நாளா கடை கடையா ஏறி ஒவ்வொரு கலகலா பாக்கெட்டா திருப்பிப் பாத்தேன். நேத்துதான் கேம்ப் ரோட்டுல இது கிடைச்சது.”

“அந்தக் குழந்தை?” என்றாள் ஏஞ்சல்.

“இப்ப நல்லா இருக்கு.”

ஏஞ்சல் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பின்னாளில் அவர் எத்தனையோ முறை அந்த நிமிஷத்துக்கே திரும்பிப் போய் நின்றிருக்கிறார். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“பிரிண்டர் தப்பா அடிச்சிருப்பான்.”

“பதினாலு நம்பருமா சார்?” என்றாள் வினிதா.

“அந்த பிரிண்டருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க” என்றாள் ஏஞ்சல். குரல் உயரவில்லை.

எடுக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போட்டார். குமரவேல் உடனே எடுத்தான்.

“இன்னா சார், புது லேபிளா?”

“இல்லப்பா. அந்த லைசென்ஸ் நம்பர், நீ வேற யாரோடதோ மாத்திப் போட்டுட்ட போல இருக்கு.”

“நானா? நீ அனுப்ச்சது அப்டியே வாட்ஸ்அப்ல கீது சார். கூட ஒரு சத்துமாவு பாக்கெட் போட்டோ வேற அனுப்ச்ச. இதே மாரி சின்ன எழுத்துல போடுன்னு சொன்ன. வோணும்னா இப்பவே திருப்பி அனுப்பட்டா? எதுனா பேஜாரா சார்?”

வில்பிரட் போனை வைத்துவிட்டார். ஏஞ்சல் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வில்பிரட்டுக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நம்பரை எடுத்ததைவிட, அரை நிமிஷத்துக்கு முன்னால் ஒரு ஏழை அச்சுக்காரன் தலையில் அதைக் கட்டப் பார்த்ததுதான் அவரைக் குறுக வைத்தது. அதை மனைவி பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள்.

“ஏதோ தெரியாம நடந்திருக்கும்னுதான் நினைச்சுக்கிட்டு வந்தேன்” என்றாள் வினிதா.

“உங்களுக்கு எவ்வளவு நஷ்டமோ...” என்று ஆரம்பித்தார்.

“காசு கேக்க வரலை சார். நடந்ததை எழுதிக் குடுங்க. ஆபீசுக்கு என்கூட வந்து சொல்லுங்க. ஏழு கடையில என் மாவைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. புள்ளைங்க சாப்பிடற சாமான், ரிஸ்க் எடுக்க முடியாதும்மான்னு சொல்றாங்க. அந்த ஏழு கடைக்கும் நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா யாரும் நம்பல.”

ஊருக்கெல்லாம் மனு எழுதியவருக்கு அந்த ஒரு கடிதம் ஓடவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தார். கடைசியில், ‘என் லேபிளில் தவறுதலாக இவரது எண் அச்சாகிவிட்டது’ என்று எழுதினார். ஏஞ்சல் வாங்கிப் படித்தாள்.

“தவறுதலாகன்னா என்னங்க அர்த்தம்?”

அவர் அந்த வார்த்தையை அடித்துவிட்டு ‘தெரிந்தே’ என்று எழுதினார். வாக்கியம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வில்பிரட்டுக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான் அந்தப் பெண்ணுக்கு.

“உங்க அளவு வியாபாரத்துக்கு வருஷத்துக்கு நூறு ரூபாதான் சார். வீட்டுல உக்காந்து நீங்களே போட்டிருக்கலாம். வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு பேப்பர். அவ்வளவுதான்.”

வில்பிரட் தலையாட்டினார். அதிகாரி திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பதிவு வாங்கும்வரை எதுவும் செய்து விற்கக் கூடாது, கடைகளில் இருப்பதையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும், அபராதத்தை மேலதிகாரி விசாரித்து முடிவு செய்வார் என்று எழுதிக் கொடுத்தார்கள். வினிதாவின் தடையை விலக்கக் குறிப்பு எழுதியபோது அவள் முதல்முறையாகப் பெருமூச்சு விட்டாள்.

சனிக்கிழமை கடைகளுக்குப் போனார்கள். அவள் ஸ்கூட்டியில் முன்னால் போக, அவர் தன் பழைய பைக்கில் பின்னால் போனார். முதல் கடை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கம். கல்லாவில் கூட்டம். அவர் தாழ்ந்த குரலில், “ஒரு குழப்பத்துல இவங்க நம்பரை...” என்று ஆரம்பித்தார்.

“சத்தமா சொல்லுங்க சார், வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல” என்றார் கடைக்காரர்.

பால் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உரக்கச் சொன்னார். “இவங்க மேல தப்பு இல்ல. நான்தான் இவங்க லைசென்ஸ் நம்பரைத் திருடி என் பாக்கெட்டுல போட்டேன்.” திருடி என்ற சொல் அவர் யோசித்து எடுத்ததல்ல. தானாக வந்தது. வந்தபின் அடுத்த கடைகளில் அதை விடவும் முடியவில்லை.

மூன்றாவது கடைக்காரி அவர் சபையைச் சேர்ந்தவள். விதவை உதவித்தொகைக்கு அவளுக்கு மனு எழுதிக் கொடுத்ததே வில்பிரட்தான். முழுவதும் கேட்டுவிட்டு, “நீங்களா சார்?” என்று மட்டும் கேட்டாள். பிறகு வினிதாவிடம், திங்கட்கிழமை பத்து பாக்கெட் போடச் சொன்னாள். அவர் பக்கம் மறுபடி பார்க்கவே இல்லை.

ஆறு கடை முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஏழாவது கடை பூட்டியிருந்தது.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றார் வில்பிரட், நடைபாதையில் நின்று.

வினிதா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். “என்கிட்ட ரெண்டு பேர் வேலை செஞ்சாங்க சார். ஒருத்தங்க வேற இடம் பாத்துப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. நான் இப்ப எதுவும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை இந்தக் கடைக்கு வந்துடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏஞ்சல் அவரைக் கூப்பிடாமல் தனியாக மாடிக்குப் போய்ச் சாம்பசிவத்திடம் பேசினாள். வில்பிரட் பயந்தது போலவே அவர் மீட்டரை மாற்ற வேண்டும் என்றார், வாடகையிலும் கொஞ்சம் ஏற்றினார். ஆனால் கையெழுத்துப் போட்டார். “பதிவு என் பேர்ல இருக்கட்டும். நானே பாத்துக்கறேன்” என்றாள் ஏஞ்சல், கீழே வந்து. விண்ணப்பத்தைப் போனில் அவளே ஒற்றை விரலால் தட்டி நிரப்பினாள். இரண்டு மணி நேரமானது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வினிதாவுக்கு முன்பே போய் ஏழாவது கடை வாசலில் நின்றார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இருக்கட்டும் சார். ஆனா சத்துமாவு இப்ப வேற கம்பெனி போட ஆரம்பிச்சுட்டேன்” என்றார். வினிதா இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். அவர் மசியவில்லை. வில்பிரட்டும் கைகூப்பி ஒருமுறை கேட்டார். பலனில்லை.

வினிதா வண்டியை எடுத்துக்கொண்டு வேளச்சேரி சாலையில் போய்விட்டாள். வில்பிரட் தன் பாக்கெட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டிய கடைகளின் பட்டியலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். முதலில் சேலையூர். அங்கேயும் காரணத்தைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். பைக்கை மிதித்துக் கிளப்பினார்.