கரியாக்கூவுக்கு இருபது நிமிடம்

கிரெனடாவிலிருந்து கரியாக்கூ தீவுக்கு விமானத்தில் இருபது நிமிடம். கப்பலில் இரண்டு மணி நேரம், அதுவும் கடல் நல்ல புத்தியோடு இருந்தால். அதனால்தான் என் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக் கேக்கை விமானத்தில்தான் கொண்டுபோவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு பெண் தங்கள் கேக்கைக் கையில் ஏந்தி முச்சந்தியில் எதிரெதிரே ஆட வேண்டும். எந்த வீட்டு ஆட்டம் ஜெயிக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் மரியாதை. எங்கள் பக்கம் ஆடப்போகிறவள் நான். அதற்காக ஆறு மாதம் இடுப்பை வளைத்துப் பழகியிருந்தேன்.

விமான நிலையத்தில் நுழைந்தால், எனக்கு முன்பே கல்யாணப் பெண்ணின் சித்தி, அவர்கள் பக்கம் ஆடப்போகிற வெர்லின், மடியில் கேக்கோடு உட்கார்ந்திருக்கிறாள்.

“வா ஸெல்மா. இந்தச் சின்ன விமானம் உன்னைத் தாங்குமா?”

“உன்னைத் தாங்கினா என்னையும் தாங்கும்டி!”

குட்டி விமானம். எடை பார்த்துத்தான் ஆளை உட்கார வைப்பார்கள். வழக்கமாக நாம் ஒரு எடையைச் சொல்லுவோம். சீட்டுக் கொடுக்கும் கெஸ்டர், சொன்னது பொய் என்று தெரிந்து, தானே கொஞ்சம் கூட்டி எழுதிக்கொள்வான். அன்றைக்கென்று புது விதி. தராசில் ஏறியே ஆக வேண்டுமாம். எடையை உரக்கப் படிப்பார்களாம்.

“ஏறுங்க அத்தை,” என்றான் கெஸ்டர்.

“அவ முதல்ல ஏறட்டும்.”

“நீதானே மூத்தவ, நீயே ஏறு,” என்றாள் வெர்லின்.

அந்த எண் அவள் காதில் விழுவதைவிட நான் கடலில் விழலாம். என்னை வழியனுப்ப வந்த புருஷன் ஆல்பன், ஊதினால் பறக்கிற ஆள், பக்கத்தில் நின்று இளித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு விமானம்னாலே தலை சுத்தும். நான் கப்பல்ல வர்றேன், நீ கேக்கோட போய்யா,” என்றேன்.

“எனக்கும்தான் சுத்தும்!” என்று வெர்லினும் தன் கேக்கை அவர் கையில் திணித்தாள்.

“நாங்க வராம ஆட்டத்தை ஆரம்பிச்சீங்க, தொலைஞ்சீங்க!” என்று இருவரும் சேர்ந்தே அவரை மிரட்டினோம்.

கப்பல் கிளம்பியதும் அந்த விமானம் எங்கள் தலைக்கு மேலேயே பறந்துபோனது. வயிறு எரிந்தது. பாதி வழியில் கடல் எகிற ஆரம்பித்தது. கப்பலில் இருந்ததோ ஒரே வாளி. அதில் நானும் வெர்லினும் மாறி மாறித் தலையை விட்டோம்.

கரையில் ஆல்பன் காத்திருந்தார். இரண்டு தோளிலும் கேக்கின் கிரீம்.

“பாதிரியார் காத்திருக்க மாட்டேன்னுட்டார். ரெண்டு வீட்டுலயும் ஆட ஆளில்ல. ஒரு கையில நம்ம கேக்கு, இன்னொரு கையில அவங்க கேக்கு. ரெண்டு பக்கமும் நானே ஆடிட்டேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாதம் பழகியதெல்லாம் போச்சே!

“எது ஜெயிச்சுது?” என்று இருவரும் ஒன்றாகக் கேட்டோம்.

ஆல்பன் தலையைச் சொறிந்தார். “பெரியவங்களுக்கே குழப்பம். கடைசியில, ஆட வேண்டிய பொம்பளைங்கள்ல யாருக்கு எடை அதிகமோ அவங்க வீடுதான் ஜெயிச்சதுன்னு பேசி முடிச்சுட்டாங்க. மீன்காரன் தராசை முச்சந்தியில வச்சிருக்கோம்.”

வெர்லின் என்னைப் பார்த்தாள். பாழாய்ப்போன வாளி! வயிற்றில் இருந்ததையெல்லாம் அதற்கல்லவா கொடுத்துவிட்டேன்.

“தள்ளுடி!” என்று அவளை இடித்துக்கொண்டு ஓடினேன். “முதல்ல எனக்குச் சாப்பாடு போடுங்கய்யா!”