இடுப்பெலும்பு

போலீஸ் சார்ஜன் லோகேஸ்வரனின் அழைப்பு வந்தபோது நூருல் ஹுதா தொழிற்சாலைக் கேண்டீனில் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்துக்கொண்டு, நகத்தளவுகூட இல்லாத மின்னணுச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. எல்லாம் ஒரே அச்சு. எப்போதாவது ஒன்றில் மயிரிழைக் கீறல் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அவளுக்குச் சம்பளம். நுண்ணோக்கியை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்துக்கு மனிதர்களின் முகங்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். அப்படிப் பெருத்துத் தெரிந்த முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் போனை எடுத்தாள்.

“அக்கா, பசியாறியாச்சா?”

“ஆச்சு. சொல்லுங்க சார்ஜன்.”

“அன்னைக்கு ஒங்க வாய்க்குள்ள பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தாங்கல்ல, அத லேப்ல ரிஜெக்ட் பண்ணிட்டாங்கக்கா.”

“ஏன்?”

“ஒங்க வாயில ரெண்டு பேரு இருக்காங்களாம்.” அவர் சிரித்தார். “ஒண்ணு நீங்க. இன்னொண்ணு ஆம்பள. வர்றதுக்கு முன்னாடி யாருகூடயாச்சும் ஒரே கிளாஸ்ல தண்ணி குடிச்சீங்களா, இல்ல வேற எதுவுமான்னு கேக்குறாங்க. நான் கேக்கலக்கா, அவங்க கேக்குறாங்க.”

“நான் தனி ஆளு சார்ஜன். கல்யாணம் ஆகல.”

“சோரிக்கா, சோரி. மறுபடி எடுக்கணும், அதான். இந்த வாட்டி ரத்தமாவே எடுத்துரலாம்னு சொல்றாங்க. ரத்தத்துல கலப்படம் வராதாம்.”

அவர் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. நாக்கால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பஞ்சுக்குச்சி உரசிய இடம். வழவழப்பாக, வெதுவெதுப்பாக, எப்போதும்போலத்தான் இருந்தது. அந்த இன்னொருவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

தம்பி ஜாஹிர் கடலுக்குப் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. ஜுருவில் கார் விற்கும் கடையில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமையானால் நண்பனின் படகை இரவல் வாங்கிக்கொண்டு தூண்டிலோடு கிளம்பிவிடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை படகு மட்டும் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. தேடினார்கள், பிறகு தேடுவதை விட்டார்கள். போன மாதம் பேராக் பக்கத்து மீனவர்களின் வலையில் ஓர் எலும்பு ஏறிவந்தது. ஆண், முப்பதைத் தாண்டிய வயது என்பது வரைதான் டாக்டர்களால் சொல்ல முடிந்தது. ஜாஹிருக்குத் தாய் தகப்பன் இல்லை, பிள்ளையும் இல்லை. மரபணுவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான். “என்ன எலும்பு?” என்று அவள் கேட்டபோது லோகேஸ்வரன் திரும்பி நின்று தன் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். “இடுப்பெலும்புக்கா.”

ஒன்பது வருடங்களுக்கு முன் ஜாஹிரின் இடுப்பெலும்பில்தான் அந்த ஊசி இறங்கியது. அவளுக்கு ரத்தப் புற்று. அவள் எலும்புகளுக்குள் இருந்ததையெல்லாம் மருந்தால் எரித்துக் காலியாக்கிவிட்டு, அவனைக் குப்புறப் படுக்கவைத்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, அவள் நரம்பில் இறக்கினார்கள். பார்த்தால் சாதாரணமாக ரத்தம் ஏற்றுவதைப்போலத்தான் இருந்தது. எரித்ததில் மற்றவையும் போயின. மாதவிடாய் நின்றுபோனது. பிள்ளை பெறமாட்டாள் என்று தெரிந்ததும் பேசி வைத்திருந்த சம்பந்தம் கலைந்தது. உயிர் மட்டும் தங்கியது. ஜாஹிர் கொஞ்ச நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிழவனைப்போல நடந்து காட்டினான். “லாத்தா, ஓவர்டைம் காசு எடு. ஒன் எலும்புக்குள்ள என் ஆளுங்கதான் ராப்பகலா வேல செய்றாங்க.”

இனி அவள் ரத்தத்தைச் சோதித்தால் ஆண் என்றுதான் வரும் என்று டாக்டர் சொன்னபோது அவன் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “அப்ப நீ எங்கயாச்சும் திருடப் போயி கையக் கிழிச்சுக்கிட்டா என்னத்தான்லா புடிப்பாங்க!” டாக்டர் அதற்கு மேலும் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழு மனிதனும் எழுதப்பட்டிருக்கிறான், ஆனால் ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவைத்துவிடும் என்று. அவள் அதைத் தனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டாள். குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கும் ஹாஃபிழ் ஒரு தொழுகையில் ஒரு சூராவை மட்டும் ஓதுகிறார். மற்றதெல்லாம் அவருக்குள் ஓசையில்லாமல் இருக்கிறது. அவள் எலும்புக்குள் குடியேறியவர்களும் அப்படித்தான். ஓதுவது ரத்தத்தை மட்டும். ஆனால் ஒவ்வொரு துளியிலும் ஜாஹிரின் வளைந்த சுண்டுவிரல் இருக்கிறது. இடது கன்னத்துக் குழி இருக்கிறது. யாரும் ஓதாமல், ஓதப்போவதுமில்லாமல்.

ஓதாதது என்று அவள் நினைத்ததில் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கவும் செய்தன. இறால் சம்பல் என்றால் உயிரை விடுகிறவள் அவள். ஜாஹிருக்கு இறால் வாசனையே ஆகாது. சிகிச்சை முடிந்து முதல்முறை இறால் தின்ற அன்று அவள் உதடு அவன் உதட்டைப்போலவே வீங்கியது. கண்ணாடியில் பார்த்தவள் ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் கொசுக்களுக்கும் அவன்தான் வேண்டும். அவளைச் சீண்டாது. “நீ பக்கத்துல படுத்தா எனக்குக் கொசுவத்தி வேணாம்” என்று அவனைக் கேலி செய்வாள். இப்போது அவை அறை முழுதும் சுற்றிவிட்டு அவளிடம் வந்து உட்கார்ந்தன.

இந்த ஏழு மாதங்களில் அவளுக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. தலையணையில் காதை அழுத்திப் படுத்தால் உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் செத்திருந்தால் இது ஏன் ஓட வேண்டும் என்று தோன்றும். அடுத்த நொடியே வேறொன்று தோன்றி உடம்பு கூசும். அங்கே அவன் நின்றுபோயிருந்தாலும் அது இதற்கு எப்படித் தெரியும்? யார் போய்ச் சொல்வது? தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான், ரத்தம் ஏற்றியதுண்டா, மாற்றுச் சிகிச்சை எதுவும் உண்டா என்று லோகேஸ்வரன் கேட்டபோது அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். வலையில் வந்த எலும்பு பெயரில்லாமலே கிடக்கட்டும் என்று.

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்கு அவள் திரும்பியபோது தம்பியின் மனைவி ஹாஜரா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜாஹிரின் நம்பருக்கு டாப்-அப் போட்டுக்கொண்டிருந்தாள். போன் அவனோடு கடலில் போய்விட்டது. நம்பர் காலாவதி ஆகிவிடக் கூடாது என்று மாதாமாதம் போடுகிறாள். ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு அப்பால் கடல் தட்டையாக, ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது.

“சார்ஜன் எனக்கும் அடிச்சாரு லாத்தா” என்றாள் ஹாஜரா. ஜாஹிர் அக்காவை அழைத்த முறையிலேயே அவளும் அழைப்பாள். “ரெண்டு பேராம்ல?”

நூருல் ஹுதா தலைத்துணியின் ஊசியைக் கழற்றுவதில் மும்முரமானாள்.

“மஜ்ஜ மாத்துன விஷயத்த அவங்ககிட்டச் சொல்லலயா நீங்க?”

“கேட்டாங்க. இல்லன்னுட்டேன்.”

“நெனச்சேன்.”

ஹாஜரா கத்தியிருந்தால் தேவலை. நூருல் ஹுதா படபடவென்று பேசத் தொடங்கினாள். “அது அவனா இருக்கவே இருக்காது ஹாஜரா. கடல்ல எத்தன பேரு போறான். எந்த நாட்டுக்காரனோ, கப்பல்லேருந்து விழுந்தவனோ.”

“இல்லன்னா ரத்தம் குடுக்க வேண்டியதுதான? எதுக்குப் பயம்?”

கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

“எங்கம்மா டெய்லி அடிக்குது, பட்டர்வொர்த்துக்கு வந்துருன்னு. என்னன்னு சொல்லிப் போறது? புருஷன் மவுத்தானவளா இத்தா இருக்கணுமா, வருவாருன்னு காத்துக்கிட்டு இருக்கணுமா? ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கையத் தூக்குறேன். அவங்களத் திருப்பிக் கொண்டாந்து விட்டுருன்னு கேக்கவா, அவங்க பாவத்த மன்னிச்சுருன்னு கேக்கவா? ரெண்டுல ஒண்ணக் கேட்டா இன்னொண்ணு பொய்யாயிருது. வெறுங்கையத் தூக்கிட்டு வெறுங்கைய எறக்குறேன் லாத்தா. ஒங்களுக்கு என்ன, ஒங்ககிட்ட அவங்க இருக்காங்க.”

கடைசியாகச் சொன்னதில் இருந்தது பொறாமைதான். இத்தனை வருடங்களில் ஹாஜரா ஒருமுறைகூட அதை வெளியே காட்டியதில்லை. அவள் எழுந்து வந்து நூருல் ஹுதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்ப்பதைப்போல விரல்களை உள்பக்கம் வைத்து அழுத்தினாள். பிறகு குனிந்தாள். பேசியது நூருல் ஹுதாவின் முகத்தைப் பார்த்து அல்ல.

“என்னங்க.”

ஜாஹிரைக் கூப்பிடும் குரல் அது.

“என்னங்க, இருக்கீங்களா, போயிட்டீங்களா? அத மட்டும் சொல்லிருங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன்.”

விரல்களுக்கு அடியில் நாடி குதித்தது. நூருல் ஹுதா கையை இழுத்துக்கொள்ள நினைத்தாள், முடியவில்லை. அந்தக் கை தன்னுடையதுதானா என்று ஒரு நிமிடம் சந்தேகமாக இருந்தது. பயத்தில் தன் நெஞ்சுதான் இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அடிப்பது தன் நெஞ்சு என்றாலும் அது தள்ளிவிடுவது யாரை? ஹாஜரா கண்ணை மூடிக்கொண்டு, எதிர்முனையில் யாரோ போனை எடுப்பதற்காகக் காத்திருப்பவளைப்போல நின்றாள். மனைவி கேட்கிறாள், கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது, அங்கே பதில் சொல்ல ஒரு வாய் இல்லை. இருப்பது தன் வாய் மட்டும்தான். அதில்தானே அவர்கள் இரண்டு பேரைப் பார்த்தார்கள்.

“நாளைக்கு லீவு போட்டுர்றேன்” என்றாள் நூருல் ஹுதா.

மருத்துவமனையில் எல்லாவற்றையும் சொன்னாள். லோகேஸ்வரன் எழுதிக்கொண்டார். முதலில் “நெசமாவாக்கா?” என்று வாயைப் பிளந்தவர், எழுத எழுதக் கேலிப் பேச்சை மறந்துபோனார். தாதி ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை ஒரு கணம் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று நூருல் ஹுதா கேட்டாள். சூடாக இருந்தது. கைக்குள் பிடித்த கோழிக்குஞ்சைப்போல. அவள் அதைத் திருப்பிக் கொடுத்தபோது தாதி அதற்கு ஒரு எண்ணை ஒட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

முடிவைச் சொல்ல அழைத்த அன்று லோகேஸ்வரன் பசியாறியாச்சா என்று கேட்கவில்லை.

“அக்கா. ஒரே ஆளுதான்.”

“யாரும் யாரும்?”

“வலையில வந்த எலும்பும், நீங்க குடுத்த ரத்தமும்.” அவர் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. “நீங்க சொன்னதெல்லாம் எழுதித்தான் அனுப்புனேன், அவங்களுக்கும் புரிஞ்சுருச்சு. ஆனா ரிப்போர்ட்ல அப்படித்தான்கா வருது. ஒரே ஆளு, ஆம்பளன்னு.”

பிணவறையில் கையெழுத்துப் போடும் நேரத்தில் லோகேஸ்வரன் பேனாவை அவள் கையில் தராமல், அவளைத் தொட அஞ்சுபவர்போல மேசையில் வைத்து, விரலால் மெல்ல அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவள் அதைக் கவனித்தாள், கோபம் வரவில்லை. எலும்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பழுப்பேறி, விளிம்புகள் தேய்ந்து, கவிழ்த்து வைத்த பெரிய சிப்பி மாதிரி இருந்தது. ஊசி இறங்கிய தடத்தைத் தேடினாள். நுண்ணோக்கியில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கும் கண்ணால் விளிம்பு முழுவதும் தேடினாள். எதுவும் இல்லை. எலும்பு அதை எப்போதோ மூடிவிட்டிருந்தது. அவளிடமிருந்து எதையும் எதிர்பார்க்காததுபோல அது கிடந்தது. அவளுக்குள் மட்டும் என்னவோ, கூட்டத்தில் தன் பெயரைக் கேட்டவன் திரும்பிப் பார்ப்பதைப்போல, ஒருமுறை திரும்பியது.

ஆண்கள் அதைக் கழுவிக் கஃபனிட்டு எடுத்துப் போனார்கள். வெள்ளைத் துணியில் சுற்றியபோது கைக்குழந்தை அளவுதான் இருந்தது. தொழுகை நடந்தது, குழி மூடப்பட்டது. வீட்டில் உட்கார்ந்திருந்த நூருல் ஹுதா, அவனில் எந்தப் பங்குக்கு இன்று தொழுதார்கள், எந்தப் பங்கு விட்டுப்போயிற்று என்று யோசித்தபடி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நன்றாகச் சிவந்திருந்தது.

அன்று மாலை வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு இரண்டு பெண்களும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். இத்தாவில் அமர்ந்துவிட்ட ஹாஜரா வெள்ளை உடுத்தியிருந்தாள். முகம் தூங்கி எழுந்ததுபோல் தெளிந்திருந்தது. மஃரிபு தொழுது முடித்து அவள் வெகுநேரம் கையேந்தியிருந்ததை நூருல் ஹுதா பார்த்தாள். என்ன கேட்டாள் என்று விசாரிக்கவில்லை. விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு கொசு வந்தது. ஹாஜராவைச் சுற்றியது, விட்டுவிட்டு நூருல் ஹுதாவின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.

“லாத்தா, ஆடாதீங்க” என்று ஹாஜரா கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. நூருல் ஹுதாவும் அசையவில்லை. மங்கிய வெளிச்சத்தில் அந்தச் சின்ன வயிறு சிவந்து, பளபளத்து, உருண்டுகொண்டே வந்ததை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பிறகு அது பாரம் தாங்காமல் தடுமாறி எழுந்தது. கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கு வழியாக, இருட்டிக்கொண்டிருந்த கடல் பக்கம் பறந்தது. ஹாஜராவின் கை இன்னும் இறங்கவில்லை.